காசநோய் யாரைத் தேடி வருகிறது?

சத்தீஸ்கர் மாநிலம் பிலாஸ்பூர் மாவட்டத்தில் கனியாரி என்றோர் ஊர். ஜன் ஸ்வாஸ்த்ய சஹயோக் என்ற மருத்துவர் குழு அங்கே ஒரு மருத்துவமனை நடத்துகிறது. 2004 முதல் 2009 வரை நுரையீரல் காசநோய்க்காக அங்கே சிகிச்சைக்கு வந்த 1,695 பெரியவர்களின் எடைக் கணக்கை, மருத்துவர் அனுராக் பார்கவாவும் அவருடன் பணியாற்றியவர்களும் 2013இல் வெளியிட்டார்கள். ஆண்களின் இடைநிலை எடை 42.1 கிலோ. பெண்களின் இடைநிலை எடை 34.1 கிலோ. வந்த பெண்களில் பாதிப் பேர் இந்த எடையைக்கூட எட்டவில்லை என்று இதற்குப் பொருள். ஆறாம் வகுப்புப் பிள்ளையின் எடையோடு, வீட்டையும் வயலையும் சுமந்துகொண்டிருந்த பெண்கள் அவர்கள்.

காசநோய் உடலை உருக்கும். ஆகவே நோய் வந்ததால் மெலிந்தார்கள் என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைப் பார்க்கப் போய்விடலாம். பெரும்பாலும் அதுதான் நடந்துவந்திருக்கிறது. ஆனால் சிகிச்சை முடிந்து, சளியில் கிருமி இல்லை என்று உறுதியான பிறகும் இவர்களில் பலரது எடை இயல்பான அளவுக்கு வரவில்லை. நோய்க்கு முன்பே அவர்கள் மெலிந்துதான் இருந்திருக்கிறார்கள். அப்படியானால் கேள்வியைத் திருப்பிப் போட வேண்டும்: மெலிந்திருந்ததால் நோய் வந்ததா?

காசநோய்க் கிருமி உடலுக்குள் நுழைந்த எல்லோருக்கும் நோய் வருவதில்லை. கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர்தான் வாழ்நாளில் எப்போதாவது நோயாளி ஆகிறார்கள். மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்துக்கொள்கிறது. அடக்கி வைக்கும் திறனுக்கு உணவு வேண்டும், புரதம் வேண்டும். உயரத்தோடு ஒப்பிட்டு எடையைக் காட்டும் உடல் நிறைக் குறியெண் ஒரு புள்ளி குறைந்தால் காசநோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ 14 சதவீதம் கூடுகிறது என்பது பல நாட்டு ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் சொல்லப்பட்ட கணக்கு. எச்.ஐ.வி., நீரிழிவு, புகை, மது ஆகியவையும் அந்தத் திறனைக் குலைக்கும். இந்தியாவில் ஆண்டுக்குச் சுமார் 27 லட்சம் பேருக்குப் புதிதாகக் காசநோய் வருகிறது; உலகக் கணக்கில் இது ஏறத்தாழக் கால் பங்கு. இவ்வளவு பேரை நோயில் தள்ளுவதில் முன்னால் நிற்பது ஊட்டக்குறைவு.

உடல்நலத்தை முடிவுசெய்வது மருத்துவமனை மட்டுமல்ல. மனிதர் பிறந்து, வளர்ந்து, வேலை செய்து, மூப்படையும் சூழல்தான் பெரிதும் முடிவுசெய்கிறது என்று மைக்கேல் மார்மட் தலைமையிலான உலக சுகாதார நிறுவனத்தின் ஆணையம் 2008இல் அறிக்கை தந்தது. பொதுவாகச் சொன்னால் இதை யாரும் மறுக்கமாட்டார்கள். மறுப்பு வருவது அடுத்த படியில்தான். வறுமையை ஒழிப்பது மருத்துவத் துறையின் வேலையா, அது எப்போது நடந்து நோய் எப்போது குறைவது, அதுவரை மாத்திரையையாவது ஒழுங்காகக் கொடுப்போமே என்பார்கள். காசநோயைப் பொறுத்தவரை இந்த வாதத்துக்கு வலுவான அறிவியல் அடித்தளம் ஒன்று உண்டு. அது போடப்பட்ட இடம் சென்னை, சேத்துப்பட்டு.

1950களில் காசநோய்க்கு மருத்துவம் என்றால் சானடோரியம். நல்ல காற்று, முழு ஓய்வு, பால், முட்டை, இறைச்சி என்று மாதக்கணக்கில் படுக்கையில் இருக்க வேண்டும். சௌரி முத்து என்ற மருத்துவர் 1928இல் தாம்பரத்தில் தொடங்கிய சானடோரியம் அப்படிப்பட்டதுதான்; ரயில் நிலையத்தின் பெயரில் அது இன்னும் இருக்கிறது. ஆனால் நாட்டில் இருந்த நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன்னால் இந்தப் படுக்கைகள் எம்மாத்திரம்? இடம் கிடைத்தவர் பிழைக்க வழி உண்டு. கிடைக்காதவர் வீட்டில் இருமிக்கொண்டே கிடந்து இறக்க வேண்டியதுதான். மாத்திரைகள் அப்போது புதிதாக வந்திருந்தன. சானடோரியம் இல்லாமல், குடிசையிலேயே வைத்து மாத்திரையால் மட்டும் குணப்படுத்த முடியுமா என்று சோதிக்க 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும், சென்னை மாநில அரசும், உலக சுகாதார நிறுவனமும், பிரிட்டன் மருத்துவ ஆராய்ச்சி மன்றமும் சேர்ந்து சென்னையில் காசநோய் வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. மருத்துவர் வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார்.

193 நோயாளிகள். குலுக்கல் முறையில் ஏறத்தாழச் சரிபாதியாகப் பிரித்து, ஒரு பாதியைச் சானடோரியத்துக்கு அனுப்பினார்கள். மறு பாதி வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஓராண்டுக்கு ஒரே மாத்திரைகள்: ஐசோனியசிட், பாஸ். வீட்டில் இருந்தவர்கள் நெரிசலான ஒண்டுக் குடித்தனங்களில் வாழ்ந்தார்கள், குறைவாகச் சாப்பிட்டார்கள், பலர் வேலைக்கும் போனார்கள். சானடோரியத்தில் இருந்தவர்கள் நன்றாகச் சாப்பிட்டு எடை கூடினார்கள். ஆனால் 1959இல் முடிவுகள் வந்தபோது குணமானவர்களின் விகிதத்தில் பொருட்படுத்தத்தக்க வேறுபாடு இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்படுவதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு பெரிய காரணம். ஏழை நாடுகளின் கோடிக்கணக்கான நோயாளிகளுக்கு வீட்டு வாசலிலேயே சிகிச்சை கிடைக்க இது வழி திறந்தது. இருபதாம் நூற்றாண்டின் மிக மனிதநேயமான மருத்துவ ஆய்வுகளில் ஒன்றாகவே இதை நான் கருதுகிறேன்.

ஆனால் இந்த ஆய்வு சொன்னதைவிடக் கூடுதலாக அதிலிருந்து படித்துக்கொண்டார்கள். ஒரு காசநோயாளி நல்ல உணவு இல்லாமலே மாத்திரையால் குணமாவாரா என்பதே ஆய்வின் கேள்வி. ஆவார் என்பது விடை. உணவு இல்லாத வீட்டில் காசநோய் வருமா என்று அது கேட்கவே இல்லை. காலப்போக்கில் முதல் கேள்வியின் விடை இரண்டாவதற்கும் போதும் என்பது போலாகிவிட்டது. 1962இல் தேசிய காசநோய்த் திட்டம் வந்தது. 1997இல் மருந்தை நேரடிக் கண்காணிப்பில் விழுங்க வைக்கும் டாட்ஸ் திட்டம் வந்தது. இரண்டிலும் திட்டம் என்றால் நோயாளியைக் கண்டுபிடிப்பது, மாத்திரை கொடுப்பது, மாத்திரை முடியும்வரை விடாமல் பின்தொடர்வது. உணவு என்பது நோயாளிக்குச் சொல்லும் அறிவுரையாகச் சுருங்கியது. பால், முட்டை, பருப்பு நிறைய சாப்பிடுங்கள் என்று 34 கிலோ எடையுள்ள கூலித் தொழிலாளிப் பெண்ணிடம் சொல்லி அனுப்பிய மருந்துச் சீட்டுகளுக்குக் கணக்கே இருக்காது.

சென்னை ஆய்வின் தொடர்ச்சியாக வந்த இன்னொரு செய்தியை அதிகம் பேர் கவனிப்பதில்லை. நோயாளியை வீட்டிலேயே வைத்திருந்தால் குடும்பத்தாருக்குத் தொற்றாதா என்ற அச்சம் அன்று இயல்பாகவே எழுந்தது. ஆகவே இரு தரப்பு நோயாளிகளின் வீட்டாரையும் ஐந்தாண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். நோயாளி வீட்டில் இருந்தாலும் சானடோரியம் போனாலும் வீட்டாருக்கு நோய் வந்த விகிதம் ஏறத்தாழ ஒன்றாகவே இருந்தது. நோயாளி மருத்துவரிடம் வருவதற்கு முன்பே வீட்டார் கிருமியைச் சுவாசித்துவிடுகிறார்கள் என்பது விளக்கம். வீட்டுச் சிகிச்சையால் ஆபத்து கூடவில்லை என்று எல்லோரும் ஆறுதல் அடைந்தார்கள். நியாயமான ஆறுதல். ஆனால் இரு தரப்பிலும் வீட்டாருக்கு நோய் வந்துகொண்டுதான் இருந்தது. அவர்கள் என்ன சாப்பிட்டார்கள், அதை மாற்றினால் என்ன ஆகும் என்று சோதித்துப் பார்க்க அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆனது.

அதற்குள் ஐரோப்பிய வரலாறு தந்த சான்றுகளும் கையில் இருந்தன. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவிலிருந்தே காசநோய் இறப்புகள் சரிந்துகொண்டு வந்தன. 1940களின் பிற்பகுதியில் ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்து பயன்பாட்டுக்கு வந்தபோது சரிவின் பெரும்பகுதி முடிந்துவிட்டிருந்தது. இதைக் காட்டித்தான் தாமஸ் மெக்கியூன் என்ற மருத்துவர், நோயை விரட்டியது மருத்துவம் அல்ல, உயர்ந்த வாழ்க்கைத் தரம், குறிப்பாக உணவு என்று வாதிட்டார். அவர் மருத்துவத்தைக் குறைத்து மதிப்பிட்டார் என்றும், நகராட்சிகள் செய்த சுகாதாரப் பணிகளை மறந்தார் என்றும் வரலாற்றாசிரியர் சைமன் ஸ்ரெட்டர் போன்றோர் கடுமையாக மறுத்தார்கள். அந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. உணவா, வீடா, வடிகாலா, சட்டமா என்று ஒரு நூற்றாண்டு வரலாற்றிலிருந்து பிரித்தெடுக்க முடியாது. கேம்பிரிட்ஜுக்கு அருகே பாப்வர்த் என்ற குடியிருப்பில் வாரியர்-ஜோன்ஸ் என்ற மருத்துவர் 1918 முதல் காசநோயாளிகளைக் குடும்பத்தோடு குடியமர்த்தி, காற்றோட்டமான வீடும் சத்தான உணவும் உடலுக்கேற்ற வேலையும் கூலியும் கொடுத்தார். அங்கே பிறந்த குழந்தைகளுக்குக் கிருமி தொற்றியது. ஆனால் அவர்கள் காசநோயாளிகளாக ஆகவில்லை. ஒப்பிட்டுப் பார்க்க மறு தரப்பு இல்லாததால் மருத்துவ உலகம் இதை நல்ல கதையாகக் கேட்டுவிட்டு நகர்ந்துவிட்டது.

தடுப்பூசியால் முடியும் என்ற நம்பிக்கையும் இருந்தது. அது பொய்த்ததும் தமிழ் மண்ணில்தான். செங்கல்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில் 1968இல் தொடங்கிய பி.சி.ஜி. சோதனை உலகின் மிகப் பெரிய தடுப்பூசிச் சோதனைகளில் ஒன்று. பெரியவர்களின் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை என்பது 1979இல் வெளியான முடிவு. பதினைந்து ஆண்டுத் தொடர் கண்காணிப்பும் அதையே உறுதிசெய்தது. குழந்தைகளுக்கு வரும் கொடிய வகைகளிலிருந்து அது காக்கிறது, ஆகவே இன்றும் போடுகிறோம். ஆனால் நோயைப் பரப்பும் பெரியவர்களுக்கு இன்றுவரை பயன்பாட்டில் ஒரு நல்ல தடுப்பூசி இல்லை.

இந்தப் பின்னணியில்தான் ஜார்க்கண்ட் மாநிலத்தில் நடந்த ஒரு சோதனையைப் பார்க்க வேண்டும். 'ரேஷன்ஸ்' என்று அதற்குப் பெயர். அனுராக் பார்கவாவும் மாதவி பார்கவாவும் முன்னின்று நடத்தினார்கள். உடன் உழைத்தவர்களில் சேத்துப்பட்டு நிறுவனத்தின் ஆய்வாளர்களும் உண்டு. 1956இல் தொடங்கிய அதே மையம், இன்று தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அன்று கேட்காமல் விட்ட கேள்வியைக் கேட்கும் இடத்துக்கு அது தானே வந்து சேர்ந்தது என்பது எனக்கு மிகவும் பிடித்த செய்தி.

நான்கு மாவட்டங்கள், 28 காசநோய்ப் பிரிவுகள், 2,800 நோயாளிகள், அவர்களோடு ஒரே வீட்டில் வாழும் 10,345 பேர். வீட்டாரில் பெரும்பாலோர் சந்தால், ஹோ, முண்டா, ஓராவ் போன்ற பழங்குடியினர். 2019 ஆகஸ்டில் சேர்க்கத் தொடங்கி 2022 ஜூலை வரை கண்காணித்தார்கள்; நடுவே கொரோனா வந்துபோனது. நோயாளிகள் எல்லோருக்கும் மாதம் பத்துக் கிலோ உணவுப் பொருள் கொடுத்தார்கள். உணவு இல்லாத நோயாளியை ஒப்பீட்டுக்காகப் பட்டினி போடுவது அறம் ஆகாது என்பதால் இதில் பாகுபாடு இல்லை. வேறுபாடு வீட்டாரிடம்தான். பாதிப் பிரிவுகளில் வீட்டில் இருந்த ஒவ்வொரு பெரியவருக்கும் மாதம் ஐந்து கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, கூடவே சத்து மாத்திரை. நாள் கணக்கில் 750 கலோரி, 23 கிராம் புரதம். மறு பாதியில் வீட்டாருக்கு இவை இல்லை. அரசின் ரேஷன் அரிசி இரு தரப்புக்கும் உண்டு. சோதனை கொடுத்தது அதற்கு மேல்.

உணவு பெற்ற வீடுகளில் புதிதாகக் காசநோய் வருவது 39 சதவீதம் குறைந்தது. சளியில் கிருமி உறுதியான, பிறருக்குப் பரவக்கூடிய வகையில் குறைவு 48 சதவீதம். 2023 ஆகஸ்டில் லான்செட் இதழில் வெளியான இந்த எண்களை ஒரு புதிய தடுப்பூசி கொண்டுவந்திருந்தால் உலகத்தின் தலைப்புச் செய்தி ஆகியிருக்கும். முப்பது வீடுகளுக்கு உணவு கொடுத்தால் ஒருவர் காசநோயாளி ஆவதைத் தடுக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள்.

இந்த ஆய்வின் குறைகளையும் சொல்ல வேண்டும். பருப்பைப் போலி மாத்திரை போல மறைத்துக் கொடுக்க முடியாது. யாருக்கு உணவு கிடைக்கிறது என்பது எல்லோருக்கும் தெரியும். மறுபுறம், நோயாளிக்குக் கொடுத்த அரிசியை மறு தரப்பு வீடுகளிலும் எல்லோரும் பகிர்ந்து உண்டிருப்பார்கள். அப்பா தனக்கு வந்த சத்துமாவைக் குழந்தைக்குக் கொடுக்காமல் தின்னும் வீடு எது? அப்படிப் பகிர்ந்திருந்தால் உணவின் உண்மையான பயன் 39 சதவீதத்துக்கும் கூடுதலாகவே இருக்கலாம். ஒரே மாநிலத்தில், மிக வறிய மக்களிடம் நடந்த ஆய்வு என்பதால் எல்லா ஊருக்கும் இதே விகிதம் பொருந்தும் என்று சொல்ல முடியாது.

நோயாளிகளைப் பற்றிய துணை ஆய்வு சென்னை முடிவையே வேறொரு பக்கத்திலிருந்து திருத்துகிறது. சிகிச்சைக்குச் சேர்ந்தபோது ஐந்தில் நான்கு பேருக்கு மேல் ஊட்டக்குறைவு; ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் கடுமையான குறைவு. முதல் இரண்டு மாதங்களில் எடை ஐந்து சதவீதம் கூடியவர்களுக்கு இறக்கும் ஆபத்து 61 சதவீதம் குறைவாக இருந்தது. நாற்பது கிலோ மனிதருக்கு ஐந்து சதவீதம் என்பது இரண்டு கிலோ. மாத்திரை கிருமியைக் கொல்கிறது. அந்த மாத்திரை வேலை செய்து முடிக்கும்வரை உயிரோடு இருக்க உடலில் தெம்பு வேண்டும். காசநோய் இறப்புகள் பெரும்பாலும் சிகிச்சை தொடங்கிய முதல் சில வாரங்களில் நடப்பவை.

தமிழ்நாடு இதைப் புரிந்துகொண்டு செய்த ஒரு காரியம் பாராட்டுக்குரியது. தமிழ்நாடு காசநோய் இறப்பில்லாத் திட்டம் 2022 ஏப்ரலில் சென்னையிலுள்ள தேசிய நோய்ப்பரவியல் நிறுவனத்தின் வழிகாட்டலில் தொடங்கியது. நோய் உறுதியானவுடன் எடை, உயரம், கால் வீக்கம், மூச்சு வேகம், ஆக்சிஜன் அளவு, பிடிமானம் இல்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா என்று பார்க்கிறார்கள். ஆபத்தான நிலையில் இருப்பவரை வீட்டுக்கு அனுப்பாமல் மருத்துவமனையில் சேர்த்துச் சிகிச்சையும் ஊட்ட உணவும் தருகிறார்கள். விலையுயர்ந்த கருவி எதுவும் தேவையில்லை. எடை பார்க்கும் இயந்திரம், உயரக்கோல், விரலில் மாட்டும் ஆக்சிஜன் மானி, பார்க்கத் தெரிந்த செவிலியர் போதும். சானடோரியத்தின் ஒரு பகுதியை, உண்மையில் தேவைப்படுவோருக்கு மட்டும், அளவோடு திரும்பக் கொண்டுவந்திருக்கிறார்கள் என்று இதைப் பார்க்கலாம்.

உணவு ஒன்றே போதும் என்று நான் சொல்லவில்லை. தமிழ்நாட்டில் ஆண்களின் இறப்புகளைப் பற்றி கஜலட்சுமியும் ரிச்சர்ட் பீட்டோவும் பிறரும் 2003இல் வெளியிட்ட பெரும் ஆய்வு, நடுத்தர வயது ஆண்களின் காசநோய் இறப்பில் ஏறத்தாழப் பாதிக்குப் புகைப்பழக்கம் காரணம் என்று காட்டியது. வீடும் காரணம்தான். மும்பை கோவண்டியில் குடிசைவாசிகளை மாற்றிக் குடியமர்த்திய அடுக்ககங்களில் நடந்த, 2018இல் வெளியான ஆய்வில், கட்டடங்களுக்கிடையே மூன்று மீட்டர் இடைவெளி மட்டுமே விட்டுக் கட்டிய குடியிருப்புகளில், வெயிலும் காற்றும் எட்டாத கீழ்த்தளங்களில் காசநோய் அதிகம் என்று தெரிந்தது. குடிசையிலிருந்து கான்கிரீட்டுக்கு மாறியும் நோய் கூடவே வந்திருக்கிறது. சென்னையின் ஓரங்களில் ஏழைகளுக்காக அடுக்ககம் கட்டும்போது இரு கட்டடங்களுக்கு நடுவில் எத்தனை அடி என்பதை முடிவுசெய்யும் பொறியாளர், தனக்குத் தெரியாமலே ஒரு சுகாதார முடிவையும் எடுக்கிறார்.

நோயாளிகளைக் குறை சொல்வது எப்போதும் எளிது. வருவதில்லை, மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள், விழிப்புணர்வு இல்லை என்போம். 1960களின் தொடக்கத்திலேயே தேசிய காசநோய் நிறுவனத்தின் தேபபார் பானர்ஜியும் ஸ்டிக் ஆண்டர்சனும் கர்நாடகத்தின் தும்கூர் மாவட்டத்தில் விசாரித்துப் பார்த்தார்கள். நோய் அறிகுறி உள்ளவர்களில் பாதிப் பேருக்கு மேல் ஏற்கெனவே ஏதாவதொரு மருத்துவ நிலையத்துக்குப் போயிருந்தார்கள். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது இருமல் மருந்து. மக்கள் வந்தார்கள், அமைப்புதான் அவர்களைத் திருப்பி அனுப்பியது.

உணவிலும் அமைப்பு எங்கே நிற்கிறது என்று பார்க்கலாம். 2018 ஏப்ரல் முதல் ஒன்றிய அரசு நிக்ஷய் போஷண் திட்டத்தில் காசநோயாளிக்கு மாதம் 500 ரூபாய் கொடுத்தது. 2024 நவம்பரில் இது 1,000 ரூபாய் ஆனது. நல்ல மாற்றம். ஆனால் பணம் நோயாளிக்கு மட்டும். வீட்டாருக்கான உணவுப் பெட்டியை, நோயாளிகளைத் தத்தெடுக்க முன்வரும் தனிநபர்களும் நிறுவனங்களும் தரும் 'நிக்ஷய் மித்ரா' வழியில் விட்டிருக்கிறார்கள். கொடையாளர் கிடைத்த வீட்டுக்குப் பெட்டி வரும். இது எனக்கு ஒப்பவில்லை. மாத்திரையைக் கொடையாளர் கிடைத்தால் கொடுப்போம் என்று எந்த அரசும் சொல்வதில்லை. நோயை ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு குறைக்கும் என்று சோதனையில் நிரூபணமான ஒன்றை நன்கொடையாக வைத்திருப்பதற்குக் காரணம், அது மருந்துக் கடையில் கிடைக்காமல் மளிகைக் கடையில் கிடைப்பது மட்டும்தான்.

தமிழ்நாட்டில் வீட்டாருக்கு உணவு கொடுக்கப் புதிய ஏற்பாடு எதுவும் தேவையில்லை; ரேஷன் கடைகளே போதும். 2011 ஜூன் முதல் ரேஷன் கடைகளில் அரிசி இலவசம். நான்கு பெரியவர் உள்ள வீட்டுக்கு மாதம் இருபது கிலோ கிடைக்கும். துவரம் பருப்பு 30 ரூபாய்க்கு, அட்டைக்கு ஒரு கிலோ. வீட்டில் எத்தனை பேர் இருந்தாலும் ஒரு கிலோதான். ஜார்க்கண்டில் அதே நான்கு பேருக்குக் கூடுதலாகக் கொடுத்த பருப்பு ஆறு கிலோ. வயிற்றை நிரப்பும் அரிசியில் இந்த மாநிலம் வெகுதூரம் வந்துவிட்டது. உடல் கிருமியை எதிர்க்கத் தேவைப்படும் புரதத்தில் இன்னும் அட்டைக்கு ஒரு கிலோவில் நிற்கிறது.

செய்ய வேண்டியது சிக்கலானதல்ல. சளிப் பரிசோதனையில் நோய் உறுதியாகும் அன்றே அந்த வீட்டின் எல்லோரையும் எடை பார்ப்பது, அறிகுறி விசாரிப்பது, தேவையானவர்களுக்குத் தடுப்பு மாத்திரை தொடங்குவது. அதே நாளில் அந்தக் குடும்ப அட்டையின் எண்ணை உணவுத் துறைக்கு அனுப்புவது. சுகாதாரத் துறைக்கும் உணவுத் துறைக்கும் நடுவே ஒரு கடிதம், ஓர் அரசாணை, அதற்கான நிதி ஒதுக்கீடு. நோயாளியின் வீடு என்று அக்கம்பக்கம் சுட்டிக்காட்டும் என்ற அச்சம் நியாயமானது. பல பெண்கள் நோயை மறைப்பதே அதனால்தான். ஆகவே கடையில் தனி வரிசையோ தனிப் பையோ கூடாது. விற்பனை முனையத்தில் அட்டையைப் பதிவுசெய்யும்போது அளவு மட்டும் கூடுதலாக வர வேண்டும், காரணம் திரையில் வரக் கூடாது. நான்கு பேர் உள்ள வீட்டுக்கு மாதம் ஆறு கிலோ பருப்பு என்று தொடங்கலாம். முட்டையைச் சேர்ப்பதா என்பதை, ஏற்கெனவே சத்துணவுக்கு முட்டை வாங்கி வழங்கிவரும் துறையைக் கேட்டு முடிவுசெய்யலாம்.